முதலில் பழுதாகும் உறுப்பு: லேப்டாப் வாங்குவோருக்கு உண்மையில் என்ன வேண்டும்?



லேப்டாப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நான்குதான். எந்த பிராசஸர், எத்தனை ஜிபி ராம், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், விலை என்ன? 'இதன் அடிமூடியைத் திறக்க முடியுமா, திறந்தால் உள்ளே எதையெல்லாம் மாற்ற முடியும்' என்று கேட்பவர் அபூர்வம். அதனால்தான், கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒவ்வொரு உறுப்பாக ஒட்டியும் பற்றவைத்தும் மூடிக்கொண்டே வந்தபோது பெரிய எதிர்ப்பு எழவில்லை. எதிர்ப்பு எழாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, 'மக்களுக்கு இது தேவைப்படவில்லை' என்கிறது தொழில்துறையின் ஒரு தரப்பு. மறுதரப்பில் இருக்கும் ஆர்வலர்களோ, எல்லாவற்றையும் கழற்றி மாட்ட முடியாத லேப்டாப்பை வாங்கவே கூடாது என்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா உறுப்புகளையும் பின்னாளில் மேம்படுத்திக்கொள்ளும் வசதி பெரும்பாலோருக்குத் தேவையில்லை. ஆனால், தேய்கிற உறுப்புகளையும் பழுதாகிற உறுப்புகளையும் சாதாரண ஸ்குரூடிரைவரால் கழற்றி மாற்றும் வசதி எல்லோருக்கும் தேவை. மேம்படுத்துவது வேறு, மாற்றுவது வேறு. இரண்டையும் ஒரே கேள்வியாகக் கட்டிவைத்ததால்தான் முதலாவது தேவையில்லை என்று காட்டி இரண்டாவதையும் நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அது எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் லேப்டாப்பைக் கவிழ்த்து, இரண்டு தாழ்களை விரலால் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். பல மாடல்களில் ராமுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் தனித்தனிச் சிறு மூடிகள் இருந்தன. இன்டெலின் நான்காம் தலைமுறை வரை, அதாவது 2013 வாக்கில் வந்த லேப்டாப்கள் சிலவற்றில் பிராசஸரைக்கூட சாக்கெட்டிலிருந்து எடுத்து மாற்ற முடிந்தது. அடுத்த தலைமுறையோடு அது முடிந்துபோனது. 2008-ல் வந்த மேக்புக் ஏர் ராமை போர்டோடு பற்றவைத்திருந்தது. 2012 ஜூனில் வந்த ரெட்டினா திரை மேக்புக் புரோவில் ராம் பற்றவைக்கப்பட்டிருந்தது, பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. கருவிகளைப் பிரித்துப் பார்த்துப் பழுதுநீக்க மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒன்று கொடுத்தது. அந்த லேப்டாப் நன்றாக விற்றது. மெலிவும் பளபளப்பும் விற்கும் என்று தெரிந்ததும் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின.

இந்த மாற்றத்தில் எது தவிர்க்க முடியாதது, எது வெறும் வசதிக்காகச் செய்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் பிராசஸரையும் கிராபிக்ஸ் சிப்பையும் எடுத்துக்கொள்வோம். இவற்றை மேம்படுத்தும் வசதியால் சாதாரணமாக வாங்குபவருக்குப் பெரிய பயன் எப்போதுமே இருந்ததில்லை. புதிய தலைமுறை சிப் வரும்போது சாக்கெட் மாறும், மின்தேவை மாறும், வெப்பத்தை வெளியேற்றும் குழாய்களின் அமைப்பு மாறும். 2019-ல் டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் பிரிவு, சிப்களை மாற்றி மேம்படுத்திக்கொள்ளலாம் என்று விளம்பரப்படுத்தி ஏரியா-51எம் என்ற லேப்டாப்பை விற்றது. அடுத்து வந்த சிப்களை அதில் பொருத்த முடியவில்லை என்று வாங்கியவர் தரப்பில் 2021-ல் அமெரிக்காவில் வழக்கே தொடுக்கப்பட்டது. மேம்படுத்தலாம் என்ற வாக்குறுதி, அடுத்த தலைமுறை எப்படி வரும் என்று தெரியாதவர்கள் கொடுக்கும் வாக்குறுதி. இதை ஓரளவு காப்பாற்றியிருப்பது ஃபிரேம்வொர்க் நிறுவனம்தான். 2021-ல் வந்த அதன் 13 அங்குல லேப்டாப்பின் உடலுக்குள் பிந்தைய தலைமுறைகளின் மெயின்போர்டையே மாற்றிப் போட முடிகிறது. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனாலும், எழுதவும் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் லேப்டாப் வாங்குகிற ஒருவர் இதற்காகக் கூடுதல் விலை கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ராமும் சேமிப்பகமும் அப்படியல்ல. ஹார்டு டிஸ்கோடு வந்த 2012-ஆம் ஆண்டு லேப்டாப்பில், அதே இரண்டரை அங்குல இடத்தில் ஒரு எஸ்எஸ்டியை வைத்தால் அது புதிதாக வாங்கியதைப் போல ஓடியது. பல நிமிடம் எடுத்துத் திறந்த கணினி சில நொடிகளில் திறந்தது. வாங்கிய நாளில் அப்படியொரு மாற்றம் வரும் என்று பெரும்பாலோர் நினைத்திருக்கவில்லை. இடம் இருந்தது, அதனால் வாய்ப்பு வந்தபோது பிடித்துக்கொள்ள முடிந்தது. ராமிலும் இதே கதைதான். 4 ஜிபி போதும் என்று நம்பி வாங்கியவர்களின் கணினிகளில், காலி ஸ்லாட் இருந்தவை 8 ஜிபியாகித் தப்பின. பற்றவைத்தவை தேங்கின. ஆப்பிள் நிறுவனம் 2024 அக்டோபர் வரை தன் அடிப்படை மேக்புக் ஏரை 8 ஜிபியோடுதான் விற்றது. இந்தியாவில் அதை 16 ஜிபியாக வாங்க வேண்டுமானால் வாங்கும் நாளிலேயே 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த சாதாரண 8 ஜிபி ராமின் விலை அதில் சிறு பங்குதான். ஸ்லாட் இல்லாதபோது விலை வைப்பவர் ஒருவர் மட்டுமே என்பதைத்தான் இது காட்டுகிறது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியபோது, பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள்தான். ஆனால் ஸ்லாட் வைத்திருந்தவருக்கு விலை இறங்கும்வரை காத்திருக்கும் உரிமையாவது மிஞ்சியது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். லேப்டாப்பின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. மெயின்போர்டிலுள்ள சிப்கள் பத்தாண்டுகூட உழைக்கும். பேட்டரி அப்படியில்லை. லித்தியம் அயனி பேட்டரி ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் தேய்கிறது. சாதாரண பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுழற்சிகளில் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கின்றன. உயர்ந்த ரகங்கள் ஆயிரம் சுழற்சி தாங்கும். சூடும், எந்நேரமும் சார்ஜரில் செருகியே வைத்திருப்பதும் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். கவனமாகப் பயன்படுத்துபவரின் பேட்டரியும் ஒருநாள் சாகும். அது விபத்து இல்லை, வேதியியல். பேட்டரிக்கு அடுத்தபடி ஃபேன், சார்ஜிங் போர்ட், ஹிஞ்ச், கீபோர்டு. ஓடுகிற, செருகப்படுகிற, மடிகிற, அழுத்தப்படுகிற உறுப்புகள் இவை. டயர் தேய்ந்துவிட்டது என்று யாரும் வண்டியை எடைக்குப் போடுவதில்லை. தேயப்போவது எது என்று வடிவமைப்பாளருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் அதைப் பசையால் ஒட்டுவது, அந்த உறுப்பின் ஆயுளையே முழு இயந்திரத்தின் ஆயுளாக ஆக்குவதாகும்.

இதற்கு ஒரு சான்று போதும். 2015-லிருந்து மேக்புக்குகளில் வந்த பட்டர்ஃபிளை கீபோர்டில், விசைகளுக்கு அடியில் சிறு தூசி புகுந்தாலே எழுத்து இரட்டிப்பதும் விசை சிக்குவதும் நேர்ந்தது. குறை ஒரு கீபோர்டின் குறை. ஆனால் அந்தக் கீபோர்டு மேல்உறையோடு ரிவெட் அடிக்கப்பட்டிருந்தது. அந்த மேல்உறையில்தான் பேட்டரியும் ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே ஒரு விசை சிக்கினால் கீபோர்டும் உறையும் பேட்டரியும் சேர்ந்த தொகுதியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆப்பிள் 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. 2019 கடைசியில் பழைய வகைக் கீபோர்டுக்குத் திரும்பத் தொடங்கியது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில் 2022-ல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தனியாகக் கழற்றும்படி வைத்திருந்தால் சிறு செலவில் முடிந்திருக்கும் குறை, நிறுவனத்துக்கே பெருஞ்செலவாக முடிந்தது. மூடி வைப்பதால் வாங்குபவருக்கு மட்டும்தான் இழப்பு என்பது சரியில்லை.

சேமிப்பகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுவான எம்.2 எஸ்எஸ்டி 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு மெல்லிய பட்டை. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்குரூ. ஸ்குரூவை எடுத்தால் பட்டையின் முனை தானாக மேலெழும்பும், சாய்வாக இழுத்தால் வந்துவிடும். போர்டு எரிந்து போனாலும் அந்தப் பட்டையை எடுத்து, சில நூறு ரூபாய்க்கு விற்கும் உறையில் போட்டு, வேறு கணினியில் செருகிக் கோப்புகளை மீட்கலாம். மறையாக்கம் செய்திருந்தால் திறவுகோல் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போர்டில் பற்றவைத்த சேமிப்பகத்தில் இந்த வழியே கிடையாது. போர்டு செத்தால் ஆய்வேடும் கடைக் கணக்கும் குடும்பப் படங்களும் அதோடு போகும், அல்லது சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவரிடம் பெருந்தொகை கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து வையுங்கள் என்பது நல்ல அறிவுரை. அறிவுரையைப் பின்பற்றாதவருக்குத் தண்டனையாகக் கருவியை வடிவமைப்பது நல்ல பொறியியல் ஆகாது.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு மிகவும் வலுவானது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் தங்கள் லேப்டாப்பின் மூடியை வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறப்பதில்லை, அவர்களுக்கு எதற்கு இந்த வசதி என்பார்கள். திறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் சார்பில் திறக்க ஆள் இருக்கிறார். சென்னை ரிச்சி தெருவிலும், சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சர்வீஸ் கடையிலும் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்தான் நம் நாட்டில் 'பயனர் மாற்றக்கூடிய' என்ற சொல்லின் நடைமுறைப் பொருள். அவருக்குப் பொதுவான ஸ்குரூவும், கிடைக்கும் ஸ்பேரும், வெளியிடப்பட்ட சர்வீஸ் மேனுவலும் போதும். இன்னொன்றும் இருக்கிறது. லேப்டாப்புக்கு ஒரே உரிமையாளர் மட்டும் இருப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகைகள்தான் நம் ரீஃபர்பிஷ்டு சந்தையின் முதுகெலும்பு. பேட்டரி புதிதாக, எஸ்எஸ்டி பெரிதாக, ராம் இரட்டிப்பாக மாற்றப்பட்டு, புதிய லேப்டாப் வாங்க வசதியில்லாத மாணவர் கைக்கு அவை வருகின்றன. முதலில் வாங்கியவர் ஒருபோதும் பயன்படுத்தாத வசதி, இரண்டாவதாக வாங்குபவருக்கு வாழ்வாதாரம். முதல் உரிமையாளருக்கும் அது வீணில்லை. கழற்றி மாட்டக்கூடிய பழைய கருவிக்கு மறுவிற்பனை விலை கிடைக்கிறது.

இரண்டாவது மறுப்பு மெலிவும் வேகமும் பற்றியது. இதில் நியாயம் இருக்கிறது. 13 அங்குல மேக்புக் ஏர் 11.3 மில்லிமீட்டர் தடிமன், ஃபிரேம்வொர்க் 15.85 மில்லிமீட்டர். எடையில் வித்தியாசம் மிகக் குறைவு, ஒன்று 1.24 கிலோ, மற்றது 1.3 கிலோ. ராமைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் கடினமானது. ஸ்லாட்டில் செருகும் சோடிம் ராம் பெரும்பாலும் 5600 என்ற வேகத்தில் ஓடும்போது, பற்றவைக்கும் எல்பிடிடிஆர் வகை 8533-ஐயும் தாண்டிப் போகிறது, மின்சாரமும் குறைவாகவே எடுக்கிறது. சமிக்ஞை கடக்கும் தூரம் குறைவதால் கிடைக்கும் பயன் இது. எதையும் கழற்றி மாற்றலாம் என்பதையே கொள்கையாகக் கொண்ட ஃபிரேம்வொர்க்கும் 2025-ல் அறிவித்த தன் மேசைக் கணினியில் ராமைப் பற்றவைத்தது. அதில் உள்ள ஏஎம்டி சிப்பின் வேகத்துக்குக் கழற்றும் ராம் ஒத்துவரவில்லை என்று அது வெளிப்படையாகவே சொன்னது. ஆகவே ராம் விஷயத்தில் பொறியியல் காரணம் உண்மையானது என்பதை ஏற்கிறேன். அதற்கும் வழி பிறந்திருக்கிறது. ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் கேம்-2 என்ற தரநிலையை வெளியிட்டது. எல்பிடிடிஆர் சிப்களையே ஒரு சிறு பலகையில் வைத்து, ஸ்குரூவால் போர்டோடு அழுத்திப் பொருத்தும் முறை அது. 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 அதைக் கொண்டுவந்தது. வேகத்துக்கும் கழற்றும் வசதிக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. ராமுக்குச் சொல்லும் காரணம் மற்றவற்றுக்குப் பொருந்தாது என்பதையும் பார்க்க வேண்டும். பேட்டரியைப் பசையில் ஒட்டினால் அது வேகமாக ஓடுவதில்லை. கீபோர்டை ரிவெட் அடித்தால் எழுத்து விரைவாக வருவதில்லை. அதே 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் டி14 ஐஃபிக்ஸிட்டிடம் பத்துக்கு ஒன்பது வாங்கியது. அலுவலகங்களுக்கென்று பெருமளவில் விற்கும் சாதாரண லேப்டாப்பிலேயே இது முடிகிறது.

மூன்றாவது மறுப்பு நம்பகத்தன்மையும் பாதுகாப்பும். கழற்றி மாட்டும் இணைப்பு தளர்ந்துபோகலாம், பற்றவைத்தது தளராது என்கிறார்கள். பழுது வரும் வாய்ப்பு குறையலாம், ஆனால் வந்தால் ஆகும் செலவு முழு போர்டின் செலவு. வாங்குபவர் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். லித்தியம் பேட்டரியைத் தெரியாதவர் தொட்டால் ஆபத்து என்பதும் உண்மை. அந்த ஆபத்தைப் பெருக்குவது பசைதான். ஒட்டிய பேட்டரியைச் சூடேற்றி நெம்பி எடுக்கும்போதுதான் உறை கிழிந்து தீப்பிடிக்கும் அபாயம் அதிகம். நான்கு ஸ்குரூவில் நிற்கும் பேட்டரியில் நெம்ப வேண்டிய வேலையே இல்லை. ஒரிஜினல் பேட்டரி நியாயமான விலைக்குக் கிடைக்காத இடத்தில்தான் டூப்ளிகேட் நுழைகிறது. பாதுகாப்புக்கு வழி, நல்ல ஸ்பேரை எளிதாகக் கிடைக்கச் செய்வது.

நான்காவது மறுப்பு மென்பொருள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும், இன்டெலாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். ராமும் எஸ்எஸ்டியும் மாற்றிப் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகளை அந்த நிபந்தனை வெளியே தள்ளியது. உறுப்பை மாற்றி என்ன பயன் என்று கேட்கலாம். உறுப்பு மாற்றம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று, உறுப்பு மாற்றம் வேண்டாம் என்பதற்குச் சான்று ஆகாது. அப்படித் தள்ளப்பட்ட கணினிகளில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்த முடிகிறது, அதற்கும் நல்ல பேட்டரியும் எஸ்எஸ்டியும்தான் வேண்டும். கருவியின் ஆயுளை இரண்டு கைகள் குறைக்கும்போது ஒரு கையையாவது பிடித்து நிறுத்துவது பயனுள்ள வேலை.

இந்தக் கணக்கில் வாங்குபவருக்கு வெளியே இருப்பவர்களும் உண்டு. லேப்டாப்பால் உண்டாகும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அது தயாராகும்போதே நிகழ்ந்துவிடுகிறது என்று நிறுவனங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளே காட்டுகின்றன. ஆகவே நான்காண்டு உழைப்பதை எட்டாண்டு உழைக்க வைப்பதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டின் உலக மின்கழிவு அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மறுசுழற்சி நிலையத்துக்குப் போகும் லேப்டாப்பிலும், நன்றாக இருக்கும் சிப்கள் சில நேரம் நன்றாக இல்லாத பேட்டரிக்காகவே போகின்றன.

உலகம் இதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதல், லேப்டாப் உட்பட ஐந்து வகைப் பொருள்களில் பத்துக்கு எத்தனை என்று பழுதுநீக்கக் குறியீட்டை விலையோடு காட்ட வேண்டும் என்றது. கழற்றுவது எவ்வளவு எளிது, மேனுவல் கிடைக்கிறதா, ஸ்பேர் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பவை அதன் அளவுகோல்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே சந்தையில் கிடைக்கும் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். சூடேற்றுவதும் கரைப்பான் ஊற்றுவதும் தேவைப்படக் கூடாது. இந்தியாவில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. பழுதுநீக்கக் குறியீடு பற்றிய பரிந்துரை 2025-ல் அரசிடம் வந்தது, முதற்கட்டமாக அது கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான். லேப்டாப்பை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. மாணவர் வாழ்க்கையில் அது கைபேசியைவிட நீண்ட காலம் உழைக்க வேண்டிய கருவி.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பும் தனி வலிமையும் உண்டு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வழியாக 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் மாணவர்களுக்குப் போயின. 2025-26 நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இத்தனை பெரிய வாடிக்கையாளர் டெண்டரில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நிறுவனங்கள் காது கொடுத்தே ஆக வேண்டும். ஸ்குரூவில் நிற்கும் பேட்டரி, எம்.2 எஸ்எஸ்டி, குறைந்தது ஒரு ராம் ஸ்லாட், தமிழில் சர்வீஸ் மேனுவல், ஏழாண்டு ஸ்பேர் உறுதி என்று நிபந்தனை வைத்தால் போதும். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரின் வீட்டுக்கு வரும் முதல் கணினி, பேட்டரி செத்ததும் அலமாரிக்குப் போகாமல் தம்பிக்கும் தங்கைக்கும் பயன்படும். அரசுப் பணத்துக்கும் இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

சட்டமும் டெண்டரும் வரும்வரை வாங்குபவர் கையில் இருப்பது கேள்வி. கடையில் அந்த நான்கு கேள்விகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள். பேட்டரி பசையால் ஒட்டப்படாமல் ஸ்குரூவில் நிற்கிறதா? எஸ்எஸ்டியைக் கழற்ற முடியுமா? சர்வீஸ் மேனுவல் நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று பதில் வராத லேப்டாப்பை, வேறு வலுவான காரணம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ராம் பற்றவைக்கப்பட்டிருந்தால், இன்று போதும் என்று தோன்றுவதைவிட ஒரு படி கூடுதலாக முதல் நாளே வாங்குங்கள். பிராசஸரை மாற்ற முடியுமா, கிராபிக்ஸை மேம்படுத்த முடியுமா என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மேம்படுத்தும் வசதி சிலருக்கான விருப்பம், அதற்கு விலை வைத்து விற்கலாம். பழுதான உறுப்பை மாற்றும் வசதி காசு கொடுத்துப் பொருள் வாங்கிய ஒவ்வொருவரின் உரிமை. அதைக் கேட்டுப் பெறுகிறவர்களின் எண்ணிக்கை கூடினால்தான், 'மக்களுக்கு இது தேவைப்படவில்லை' என்று சொல்கிறவர்களின் வாய் அடங்கும்.